பின்னே வரும் வண்டியின் கூலிக் கணக்கு

ஒரு பொருளின் விலை இன்னதென்று கேட்டறிதல் எளிது. அப்பொருளை அதற்குரிய இடத்தில் பொருத்துவதற்கு ஆகும் கூலி இன்னதென்று முன்கூட்டி அறிதல் அத்துணை எளிதன்று. வீடு கட்டிய அனுபவமுடையோர் யாவரும் இதனை அறிவர். ஐக்கிய அமெரிக்க நாட்டில், மோட்டார் வீட்டிற்குப் பின்னே ஒரு சிறு காரை இழுத்துச் செல்ல விரும்புவோர் இவ்வுண்மையைப் பட்டறையின் வாயிலில் நின்று கற்கின்றனர். வேண்டிய உறுப்புகளின் விலைச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இவற்றை மாட்டித் தர என்ன கேட்பீர்கள்?" என்று அவர்கள் வினவுங்கால் வரும் விடை, சிற்சில வேளைகளில் அவ்வுறுப்புகளின் விலையையே எட்டிப்பிடித்து விடுகின்றது. இவ்வாறு ஆவதேன்? அக்கூலி எதற்காகக் கொடுக்கப்படுகின்றது? அதில் எதனைக் குறைக்கலாம், எதனைக் குறைத்தலாகாது? இவற்றை ஒருவாறு ஆராய்வோம்.

மோட்டார் வீடு என்பது, படுக்கை, அடுப்பு, குளியலறை, தண்ணீர்த் தொட்டி ஆகிய யாவும் ஒரே அடிச்சட்டத்தின் மீது அமைந்து, தன் எஞ்சினாலேயே ஓடுகின்ற வண்டியாகும். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமெரிக்காவெங்கும் மாகாணங்களை இணைக்கும் பெருஞ்சாலைகள் பரவத் தொடங்கிய பின், இவ்வகைப் பிரயாணத்தில் மக்களுக்கு விருப்பம் மிகுந்தது. ஐயோவா மாகாணத்துப் பாரஸ்ட் சிட்டி என்னும் சிற்றூரில் 1958-இல் தோன்றிய வின்னபேகோ கம்பெனி 1966 முதல் மோட்டார் வீடுகளைச் செய்து வருகின்றது. உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்ற தம்பதிகள் மாதக்கணக்கில் இவற்றிலேயே வாழ்ந்து நாடு சுற்றுதல் அங்கே வழக்கம். பெரிய வண்டிகள் 40 அடி நீளமும் இருக்கும். அத்தகைய வண்டியைத் தங்குமிடத்தில் நிறுத்தி, நீர்க்குழாயும் மின்கம்பியும் கழிவுநீர்க் குழாயும் இணைத்தாயிற்று. மறுநாட் காலையில் பால் வாங்கக் கடைக்குச் செல்ல வேண்டுமாயின், வீட்டையே கட்டவிழ்த்துக்கொண்டு புறப்படுதல் இயலுமோ? ஆகவேதான் ஒரு சிறு கார் வேண்டியதாயிற்று. மரக்கலத்தின் பின்னே கட்டியிழுக்கப்படும் தோணியின் பெயரால் அதனை 'டிங்கி' என்பர். ஆங்கிலத்தில் 'இழுக்கப்பட்டது' என்னும் சொல்லும் 'தேரை' என்னும் சொல்லும் காதுக்கு ஒன்றுபோல ஒலிப்பதால், விளையாட்டாகத் 'தேரை' என்று அழைப்பாரும் உளர்.

காரைக் கொண்டுசெல்லும் வழிகள் மூன்று. நான்கு சக்கரங்களும் மேலேறும்படியான பின்வண்டியில் ஏற்றிச் செல்லலாம். முன்சக்கரங்கள் இரண்டை மட்டும் 'டாலி' என்னும் சிறு தள்ளுவண்டியில் ஏற்றலாம். அன்றி, நான்கு சக்கரங்களும் தரையில் உருண்டுவரத் தண்டு பூட்டி இழுக்கலாம். முதலிரண்டு வழிகளிலும் காரில் செய்யவேண்டிய மாறுதல் மிகச் சிறிது; ஆகவே கூலியும் சிறிது. ஆயினும் தங்குமிடத்தில் அப்பின்வண்டியை எங்கே நிறுத்துவது என்பது பெருந்தொல்லை. மழையிலும் சேற்றிலும் குனிந்து சக்கரங்களைப் பட்டையிட்டுக் கட்டுவது முதியோர்க்கு அதனினும் பெருந்தொல்லை. மூன்றாம் வழியில் பூட்டுவதும் அவிழ்ப்பதும் சில நிமிட வேலை. இந்தச் சில நிமிட எளிமைக்காகவே பட்டறையில் பல மணி நேரக் கூலி கொடுக்கப்படுகின்றது. இவ்வாறு பூட்டிய வண்டியைப் பின்னோக்கிச் செலுத்துதல் ஆகாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். திரும்ப இடமில்லாத தெருவில் நுழைந்துவிட்டால் காரை அவிழ்த்தே மீள வேண்டும்.

எல்லாக் கார்களும் இவ்வாறு இழுக்கத் தக்கன அல்ல. தானே கியர் மாறும் வண்டிகள் பலவற்றில், கியர்ப் பெட்டிக்குள் எண்ணெயைச் சுழலச் செய்யும் பம்பு எஞ்சினாலேயே இயங்குகின்றது. எஞ்சின் நின்றிருக்கச் சக்கரங்கள் மட்டும் சாலையோடு உருளுமாயின், அவற்றோடு பிணைந்த உறுப்புகள் எண்ணெய் பெறாமற் சுழன்று, சூடேறி அழியும். ஹோண்டா கம்பெனியின் சிஆர்-வி என்னும் கார், 2014-ஆம் ஆண்டு மாதிரி வரையில், சில முறைகளைக் கைக்கொண்டால் இவ்வாறு இழுக்கத் தக்கதாய் இருந்து நற்பெயர் பெற்றிருந்தது; 2015 மாதிரியில் வேறு வகைக் கியர்ப் பெட்டி புகுந்தவுடன் அத்தகுதி போயிற்று. ஜீப் ராங்ளர் வண்டியிலோ, டிரான்ஸ்பர் கேஸ் என்னும் இரண்டாம் பெட்டியை நடுநிலையில் வைத்துவிட்டால் சக்கரங்களுக்கும் கியர்ப் பெட்டிக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். அமெரிக்கச் சாலைகளில் மோட்டார் வீடுகளின் பின்னே ராங்ளர் மிகுதியாகக் காணப்படுவதன் காரணம் இதுவே. மின்சாரத்தால் ஓடும் டெஸ்லா வண்டிகளைச் சக்கரம் தரையிற்பட இழுத்தலாகாது என்று அதன் கைந்நூலே விலக்குகின்றது. கைந்நூலைப் படியாமல் பட்டறைக்குச் செல்வோர்க்குக் கூலியினும் பெரிய செலவு ஒன்று காத்திருக்கின்றது. அது புதிய கியர்ப் பெட்டியின் விலை.

இனி வேலைக்கு வருவோம்.

இழுவைத் தண்டு மோட்டார் வீட்டின் பின்புறத்துக் கொக்கியில் மாட்டப்படுவது. அதில் மிகுந்த கைவேலை இல்லை. தண்டின் முன்பின் முனைகள் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருத்தல் வேண்டும். மூன்று நான்கு அங்குலத்துக்கு மேல் ஏற்றத்தாழ்வு காணப்படின், இடையே ஒரு வளைந்த இணைப்பைச் செருகிச் சமன் செய்வர். கூலியைத் தின்பது காரின் முகத்தில் நிகழும் வேலை. தண்டு பற்றிக்கொள்வதற்குக் காரின் முன்புறத்தில் ஓர் உறுதியான இடம் வேண்டுமன்றோ? நாம் வெளியே காணும் பம்பர் வெறும் பிளாஸ்டிக் முகமூடியே. அதில் கட்டினால் கையோடு வந்துவிடும். ஆகவே, வண்டியின் அடிச்சட்டத்தோடு போல்ட்டுகளால் இறுக்கப்படும் எஃகுத் தாங்கி ஒன்றை உள்ளே வைக்கின்றனர். இதனைப் 'பேஸ் பிளேட்' என்பர். நாம் அடித்தாங்கி என்போம். நெப்ராஸ்கா மாகாணத்துப் பெண்டர் என்னும் ஊரில் உள்ள புளூ ஆக்ஸ், வாஷிங்டன் மாகாணத்து வான்கூவரில் உள்ள ரோட்மாஸ்டர் முதலிய கம்பெனிகள் ஒவ்வொரு கார் மாதிரிக்கும் தனித்தனியே இத்தாங்கியைச் செய்து, பொருத்தும் முறையையும் தனித்தனிக் குறிப்பேடாக வெளியிடுகின்றன. ஒரு காருக்குச் செய்தது மற்றொன்றுக்குப் பொருந்தாது.

அக்குறிப்பேட்டின்படி வேலை செய்யும் மெக்கானிக்கை மனக்கண்ணாற் காண்போம். முதலில் சக்கர வளைவுகளின் உள்மறைப்புகளைத் தளர்த்துகின்றார். பிளாஸ்டிக் ஆணிகள் இருபது முப்பதைப் பிடுங்கி எடுக்கின்றார். அவற்றுள் பழைய ஆணி எதுவும் முறியாமல் வருவதில்லை என்றே சொல்லலாம். பனிவிளக்குகளின் ஒயர்களைக் கழற்றி, முன்முகம் முழுவதையும் பெயர்த்து ஓரமாகத் துணி விரித்து வைக்கின்றார். அதன்மீது ஒரு கீறல் விழுந்தால் வண்ணம் பூசும் செலவு பட்டறையைச் சாரும். பின்னர் உள்ளே உள்ள இரும்புக் குறுக்குச் சட்டத்தைக் கழற்றுகின்றார். சட்டத்தின் உட்குழியில் கையும் நுழையாது. ஆதலின் நட்டு ஒன்றை நீண்ட கம்பியின் நுனியிற் கோத்து, மீன்பிடிப்பார்போல் துளை வழியே இழுத்து, உரிய இடத்திற் கொண்டுவந்து நிறுத்துகின்றார். துளையில்லாத இடத்தில் துளையிடுகின்றார். நெகிழாமற் பிடிக்கும் பசையைத் தடவி, குறித்த அளவு முறுக்கு ஏறும் வரையில் அளவுகோலுடைய ஸ்பானரால் இறுக்குகின்றார். இதற்குப் பின் முன்முகத்தில், தாங்கியின் இரு கைகள் வெளியே தோன்றுமாறு சிறிது சிறிதாக வெட்டி இடம் செய்து, பெயர்த்தவை அனைத்தையும் பெயர்த்த முறைக்கு எதிர்முறையில் மீண்டும் பூட்டுகின்றார்.

இவ்வளவிலும் புதிய பொருளை மாட்டுவதற்குச் செல்லும் நேரம் கால்பங்கும் இராது. எஞ்சிய நேரம் கழற்றுவதற்கும், கழற்றியதை வடுத் தெரியாமல் திரும்ப வைப்பதற்குமே ஆகும். கூலி கூடுவதும் குறைவதும் தாங்கியின் எடையைப் பொறுத்தது அன்று. அடிச்சட்டத்துக்கும் மெக்கானிக்கின் கைக்கும் நடுவே எத்தனை பொருள்கள் மறித்து நிற்கின்றன என்பதைப் பொறுத்தது. பழைய வண்டிகளிலும், ராங்ளர் போன்ற வெளிப்படையான அமைப்புடைய வண்டிகளிலும் இரண்டு மூன்று மணியில் முடியும் வேலை, இக்காலத்து நயமான கார்களில் ஐந்தாறு மணியும் அதற்கு மேலும் ஆகின்றது. காற்றுத் தடையைக் குறைப்பதற்காகத் தாமே திறந்து மூடும் அடைப்பலகைகள் சில கார்களின் முகத்தில் உண்டு. அவற்றை இடம்பெயர்த்து வைக்க வேண்டும். முன்செல்லும் வண்டியின் தூரத்தை அளந்தறியும் ராடார்க் கருவி முன்முகத்தின் உட்புறத்தே இருக்குமாயின், அதனை அசைத்த பின் மீண்டும் நேர்செய்வதற்குத் தனிக் கருவிகள் வேண்டும். அக்கருவிகள் இல்லாத பட்டறை, காரை விற்பனையாளரிடம் அனுப்பும். அதற்குத் தனிச் சீட்டு வரும். காரை வாங்கும்போது பெருமையாகத் தோன்றிய வசதிகள் பலவும் இங்கே மணிக்கணக்காக மாறித் திரும்பி வருகின்றன.

அடுத்தது விளக்கு. மோட்டார் வீட்டின் ஓட்டுநர் பிரேக்கை மிதித்தாலும், திரும்புங் குறியைப் போட்டாலும் காரின் பின்விளக்குகள் அதே கணத்தில் எரிதல் வேண்டும். இது சட்டம் வேண்டுவது. முன்முகத்திலிருந்து பின்விளக்கு வரையில் ஒயர் இழுத்து, காரின் சொந்த ஒயர்களோடு டையோடுகளின் மூலம் சேர்ப்பர். டையோடு என்பது மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் கதவு. மோட்டார் வீட்டின் மின்சாரம் காரின் நுண்ணிய கருவிகளுக்குள் எதிரேறிப் புகாமல் அது காக்கின்றது. இது வேண்டாவெனின், பின்விளக்கின் கூட்டிற்குள் தனிப் பல்பு ஒன்றைப் புகுத்தலாம். அல்லது காந்தத்தால் ஒட்டும் விளக்குகளைக் கூரைமேல் வைத்துக்கொள்ளலாம். பின்னதற்குக் கூலியே இல்லை. ஆனால் ஒவ்வொரு பிரயாணத்திலும் ஒட்டி எடுக்கும் வேலை உண்டு. இரண்டு மூன்று மணி நேரம் இவ்வொயர் வேலைக்குச் செல்லும். ஒயர் வெப்பமான குழாயின் அருகிலும் அசையும் உறுப்பின் அருகிலும் போகாதவாறு கட்டுவதில்தான் கைத்திறன் இருக்கின்றது. அவசரத்தில் செய்த ஒயர் வேலை ஆறு மாதம் கழித்து, மழையிரவில், நெடுஞ்சாலையில் தன் குறையைக் காட்டும்.

மூன்றாவது பிரேக். இதில்தான் சிக்கனம் உயிரோடு விளையாடுகின்றது. 4,000 பவுண்டு எடையுள்ள கார் மணிக்கு 60 மைல் வேகத்தில் வருங்கால் அதனிடத்துள்ள இயக்கச் சக்தி ஏறக்குறைய 6,50,000 ஜூல். பௌதிகம் பயிலும் மாணவர் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். அக்காரை ஏறத்தாழ 120 அடி உயரத்தினின்று கீழே விட்டால் தரையை முட்டும் வேகம் அதுவே. தனிப் பிரேக் இல்லையாயின் இச்சக்தி முழுவதையும் மோட்டார் வீட்டின் பிரேக்குகளே விழுங்கியாக வேண்டும்; அவையோ தம் வண்டியின் எடைக்கென்றே அளந்து வைக்கப்பட்டவை. சமவெளியில் இக்குறை தெரியாது. ராக்கி மலைச் சாலையில் மைல்கணக்கான இறக்கத்தில் பிரேக் சூடேறித் தளரும்பொழுதுதான் தெரியும். மாகாணந்தோறும் சட்டம் வேறுபடுகின்றது. எனினும் 3,000 பவுண்டுக்கு மேற்பட்ட பின்வண்டிக்குத் தனிப் பிரேக் வேண்டும் என்பது பல மாகாணங்களில் விதியாக உள்ளது. பூட்டு அறுந்து கார் தனியே பிரிந்துவிடின் தானே பிரேக்கைப் பிடிக்கச் செய்யும் ஒரு விசையும் இதனோடு சேர்க்கப்படும். தண்டின் இருபுறமும் காப்புக் கம்பிகளும் மாட்டப்படும்.

பிரேக் அமைப்பு இருவகைப்படும். ஒன்று, ஓட்டுநரின் இருக்கைக்கு முன்னே தரையில் வைத்து, தன் கையால் மிதிகட்டையை அழுத்தும் பெட்டி. இதனைப் பொருத்துவதற்கு ஒரு மணி இரண்டு மணி வேலையே போதும். ஆனால் பிரயாணந்தோறும் எடுத்து வைத்து நேர்செய்ய வேண்டும். மற்றொன்று, கண்ணிற்படாமல் காருக்குள் நிலையாக அமைந்திருப்பது. காரின் எஞ்சின் நின்றிருக்கும்போது மிதிகட்டைக்குத் துணைசெய்யும் வெற்றிடம் இராதாகையால் மிதிகட்டை கல்லைப்போல் இறுகிவிடும். நிலையான அமைப்புகளிற் சில சிறு பம்பு ஒன்றினால் அவ்வெற்றிடத்தையும் தாமே உண்டாக்கிக் கொள்ளுகின்றன. இதனைப் பொருத்த நான்கைந்து மணி நேரம் ஆகும். பொருளின் விலையில் இரண்டுக்கும் பெரும் வேறுபாடு இல்லை. வேறுபாடு கூலியில் இருக்கின்றது. முதுகுவலி உடையோரும் நாள்தோறும் ஊர் மாறுவோரும் நிலையான அமைப்பையே கொள்ளுதல் நன்று என்பது என் கருத்து. ஆண்டுக்கு இருமுறை புறப்படுவோர்க்குப் பெட்டியே போதும். எதைக் கொண்டாலும், நெடும்பயணத்தில் காரின் பாட்டரி வடிந்து போகாமல் மோட்டார் வீட்டிலிருந்து மின்சாரம் ஊட்டும் ஒயர் ஒன்றை அப்பொழுதே போட்டுக்கொள்வது நலம். முன்முகம் திறந்திருக்கும்போது அது அரைமணி வேலை. பின்னர்ப் போட்டால் முன்முகத்தை மறுபடியும் பெயர்க்க வேண்டும்.

நிற்க. மணிக்கூலி எவ்வளவு? அமெரிக்கப் பட்டறைகளில் இந்நாளில் மணிக்கு 150 முதல் 200 டாலர் வரை கேட்பது சாதாரணமாகிவிட்டது. கணக்குக்காக 160 டாலர் என்று கொள்வோம். நயமான முகமுடைய கார் ஒன்றுக்கு அடித்தாங்கி 5 மணி, ஒயர் 3 மணி, நிலையான பிரேக் 4 மணி, ஆக 12 மணி. கூலி 1,920 டாலர். ராங்ளர் போன்ற வண்டிக்குத் தாங்கி 2 மணி, ஒயர் 2 மணி, பிரேக்குப் பெட்டிக்கும் அறுபடு விசைக்கும் சேர்த்து ஒன்றரை மணி, ஆக ஐந்தரை மணி; கூலி 880 டாலர். வேலை ஒன்றே, பயனும் ஒன்றே, கூலியோ இருமடங்குக்கு மேல் வேறுபடுகின்றது.

இத்தொகை முழுவதும் மெக்கானிக்கின் பையிற் போய்ச் சேருகின்றது என்று எண்ணுதல் கூடாது. அமெரிக்க அரசாங்கத்தின் தொழிற் புள்ளிவிவரக் கணக்கின்படி, 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் மோட்டார் மெக்கானிக்குகளின் ஆண்டு வருவாயில் நடுத்தொகை 47,770 டாலர். பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் பெற்றனர். ஆண்டுக்கு 2,080 மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 23 டாலர் ஆகின்றது. 160 டாலருக்கும் 23 டாலருக்கும் இடையே உள்ள வெளியில் பட்டறையின் வாடகை, காப்புறுதி, கருவிகள், வரி, விலைச்சீட்டு எழுதுவோர் சம்பளம், வேலையில்லாத நேரத்தின் நட்டம், முதலாளியின் இலாபம் ஆகிய யாவும் அடங்கும். நாற்பதடி வண்டி வந்து திரும்புவதற்கு இடம் வேண்டுமாதலின் நிலச் செலவும் மிகுதி. பல பட்டறைகளில் மெக்கானிக்குக்குக் கடிகாரத்தின்படி சம்பளம் இல்லை. இவ்வேலைக்கு இத்தனை மணி என்று முன்னரே குறித்த கணக்கின்படிதான். ஐந்து மணி என்று குறித்ததை நான்கில் முடித்தால் ஆதாயம் அவருக்கு. துருப்பிடித்த போல்ட் ஒன்று முறிந்து ஏழு மணி ஆனால் நட்டமும் அவருக்கே. அவசர வேலைக்குத் தூண்டுகோல் இம்முறையிலேயே அமைந்திருக்கின்றது. ஆகவே, குறைந்த தொகை கேட்கும் பட்டறையைத் தேடுவதினும், முறுக்கு அளவுகளைச் சீட்டில் எழுதித் தரும் பட்டறையைத் தேடுவது தக்கது. சில நூறு மைல் ஓடிய பின் போல்ட்டுகளை மறுமுறை சோதித்துத் தருவார்களா என்றும் கேட்டல் வேண்டும்.

தாமே செய்துகொள்வாரும் பலர். ஓய்வு பெற்றோர்க்கு நேரம் உண்டு, குறிப்பேடும் கிடைக்கின்றது, அடித்தாங்கி வேலையில் பெரும்பகுதி பொறுமையே. கருவிகளும், முறுக்கு ஸ்பானரும், உதவிக்கு ஒருவரும் உடையவர் இரண்டு நாளில் முடித்து எண்ணூறு டாலரை மீதப்படுத்தலாம். ஆயின் பிரேக் வேலையில் பழக்கமில்லாதவர் கைவைத்தல் ஆகாது. ராடார் உடைய கார்களில் முகத்தைப் பெயர்ப்பதும் ஆகாது.

கணக்கில் பலரும் மறந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. காரை மாற்றும் காலத்தில் இழுவைத் தண்டு கழன்று வரும். பிரேக்குப் பெட்டியும் வரும். அவை மோட்டார் வீட்டிலேயே தங்கிப் புதிய காருக்கும் பயன்படும். அடித்தாங்கியோ அம்மாதிரிக் காருக்கென்றே பிறந்தது. ஒயர்களைப் பிடுங்கினால் அவை ஒயராக மட்டுமே மிஞ்சும். கூலியில் ஒரு காசும் திரும்பாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை காரை மாற்றுகிறவர் 1,920 டாலரை ஐந்தால் வகுத்து, ஆண்டுக்கு 384 டாலர் என்று தம் பிரயாணச் செலவில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். பத்தாண்டு வைத்திருப்பவர்க்கு அது 192 டாலர். இதனாலேயே, மோட்டார் வீட்டை மாற்றினும் பின்னே வரும் காரை மாற்றாத தம்பதிகளை அங்கே காணலாம்.

பழைய கார் விற்பனையில் அடித்தாங்கிக்குத் தனி மதிப்பு இல்லை. மோட்டார் வீடு இல்லாதவர்க்கு அது முகத்தில் துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு இரும்புத் துண்டுகளே. மோட்டார் வீடு உடைய ஒருவர் அக்காரை வாங்குவாராயின் அவருக்கு அது பெரும் பேறு. பன்னிரண்டு மணி நேரக் கூலி அவருக்கு மிஞ்சுகின்றது. அவரிடம் உள்ள தண்டு வேறு கம்பெனியுடையதாயின், இரண்டையும் இணைக்கும் துண்டுகள் கடையில் விற்கின்றன. அவற்றை மாட்ட அரைமணி நேரமே ஆகும்; பட்டறையில் ஒரு மணி என்று எழுதுவார்கள்.